கொய்யா இலை கிழித்த கிளி

யோகேஸ்வரிக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. பதினோரு வருஷமாக அறுந்த இழைகளைச் சேர்ப்பவள். பேச்சு குறைவு. ஒன்று பிடித்துப்போனால் லேசில் விடமாட்டாள். கணவன் சிவபாண்டி மாங்காய் மண்டியில் லோடு இறக்குபவன்.

பங்குனிக் கடைசியில் ஒரு மதியம், செண்பகத்தோப்பிலிருந்து வந்த பெட்டியில் காய்களுக்கு நடுவே சிட்டுக்குருவி அளவில் ஒரு பச்சைப் பறவை மயங்கிக் கிடந்தது. சிவந்த மூக்கு, வாலுக்கு மேலேயும் பளிச்சென்று சிவப்பு. சிவபாண்டி துண்டில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"கிளிக்குஞ்சு, ஏட்டி. தாயைப் பிரிஞ்சிருச்சு போல."

கம்பிக் கூடையில் விட்டு, சோறும் மிளகாய்ப்பழமும் வைத்தாள். தொடவில்லை. பொழுது சாய எட்டிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. மூடிக் கம்பியைக் காலால் பற்றி, வௌவால்போலத் தலைகீழாகத் தொங்கியது.

"என்னங்க, செத்துப்போச்சு!"

விரல் பட்டதும் கண் திறந்து கீச்சிட்டது.

செண்பகத்தோப்புக் காட்டில் வேலை பார்க்கும், தெரிந்த வனக்காவலர் ஐயாதுரைக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தார். "குஞ்சு இல்லம்மா, சின்னக்கிளி. வளர்த்தியே அம்புட்டுதான். தலைகீழாத்தான் தூங்கும். பூத்தேன், பழச்சாறு குடிக்கும். வீட்டுல வளர்க்கக் கூடாது, இங்க கொண்டாந்து விட்டுருங்க."

மாம்பழம் பிழிந்து வைத்தாள், குடித்தது. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றான் சிவபாண்டி. அவளும் தலையாட்டினாள். ஞாயிறு வராமலே இருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை கூடைக்குள் கொய்யாக் கிளை ஒன்றைப் போட்டாள். கிளி இலையை ஓரத்திலிருந்து நாடாவாகக் கிழித்தது. தின்னவில்லை. கழுத்தைத் திருப்பி, இடுப்பின் சிவப்பு இறகுகளுக்குள் செருகிக்கொண்டது. இன்னொன்று, மற்றுமொன்று. முதுகெல்லாம் பச்சை நாடா. பிறகு அப்படியே மூடியில் போய் முட்டியது. திரும்பத் திரும்ப முட்டியது.

"கூடு கட்டுதுங்க," என்றாள் யோகேஸ்வரி. "பாதியில விட்டுட்டு வந்திருக்கு. நான் இன்னைக்கே போறேன்."

மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். அங்கிருந்து செண்பகத்தோப்புக்கு ஆட்டோ. கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. காட்டோரத்தில் ஐயாதுரை காத்திருந்தார். மூடியைத் திறந்ததும் கிளி விர்ரென்று போய் இலையோடு இலையாகிவிட்டது. சன்னமான சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்டது.

"அதோட ஜோடி இன்னும் இருக்குமா அண்ணே?"

"தெரியலம்மா," என்றார் அவர்.

செத்த நேரம் அண்ணாந்தே நின்றாள். கழுத்து வலித்த பிறகுதான் கிளம்பினாள்.

சிவபாண்டி இப்போதெல்லாம் காய்களுக்குள் கையை விட்டுத் துழாவாமல் எந்தப் பெட்டியையும் தூக்குவதில்லை. மண்டியில் கேலி செய்கிறார்கள். அவன் கண்டுகொள்வதில்லை.