புலியின் மச்சான்

மனைவி பொன்னி மஞ்சள் காமாலையில் இறந்தபோது கண்ணாயிரத்துக்கு நாற்பது வயது. பிள்ளை இல்லை. கீழ்பென்னாத்தூர் வீட்டில் அடுப்பு மூட்டாமல் அவர் பட்டினி கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, தங்கை சரோஜா வந்து கையோடு திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனாள்.

"மனசு ஆறுற வரைக்கும் எங்ககூட இருண்ணா" என்றாள்.

அது 1991. ஊர் வீட்டின் கூரை அடுத்த மழையிலேயே விழுந்துவிட்டது. அவரும் இருந்துவிட்டார்.

சரோஜாவின் புருஷன் தருமன் சைக்கிள் கடை வைத்திருந்தான். கண்ணாயிரம் அங்கே பஞ்சர் ஒட்டினார். வீட்டுக்குத் தண்ணீர் தூக்கினார். யாரும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் மறுசோறு கேட்க அவருக்கு வாய் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. தங்கை மகள் பூஜாவுக்கு அப்போது ஆறு வயது.

"பூனையெல்லாம் எங்கேர்ந்து மாமா வந்துச்சி?"

"அது புலியோட மச்சான்மா. தீபாவளிக்கு அக்கா வூட்டுக்குனு காட்டுக்குப் போச்சி. போனது திரும்பவே இல்ல. 'எப்ப மச்சான் ஊருக்கு?'ன்னு புலி கேட்டுச்சி. 'மழை விடட்டும் மாமா'ன்னுச்சி. மழை விட்டுச்சி. 'மல்லாட்டை அறுவடை முடியட்டும்'னுச்சி. புலி உறுமிச்சி பாரு ஒரு உறுமல்! ஓடியாந்து மனுசன் வூட்டுல பூந்துக்கிச்சி. 'ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேங்க'ன்னுச்சி. இன்னும் அந்த ரெண்டு நாள் முடியல. யாராச்சும் கேக்க வந்தா, தூங்குற மாதிரி படுத்துக்கும்."

தருமனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பூஜாவும் சிரித்தாள்.

"அப்பாவுக்கு நீதானே மச்சான்? நீ எப்ப மாமா ஊருக்குப் போவ?"

தருமனின் சிரிப்பு பாதியில் நின்றது. சரோஜா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"கொழந்தைய ஏன் அடிக்கிற? சரியாத்தானே கேக்குது" என்று கண்ணாயிரம்தான் சத்தமாகச் சிரித்தார். பிறகு தட்டை எடுத்துப் போய்த் தானே கழுவி வைத்தார்.

அந்த வாரமே அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் வேலை பார்த்துக்கொண்டார்.

"யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா மச்சான்?" என்று தருமன் கேட்டான்.

"அதெல்லாம் இல்ல மாப்ள. பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி. ஆள் வேணுமாம்."

இன்னொரு முறை 'இருங்க' என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பார். மேலே கேட்டால் சங்கடப்படுவாரோ என்று தருமன் விட்டுவிட்டான்.

டீக்கடைக்குப் பின்னாலேயே படுக்கை. பௌர்ணமி தோறும் சரோஜா மலை சுற்றி வரும்போது கடையில் உட்காருவாள். "வூட்டுக்கு வாண்ணா" என்பாள். அவர் டீயை ஆற்றிக் கொடுத்து, "வரேம்மா" என்பார்.

2000-இல் பூஜா பெரியவளானாள். தாய்மாமன்தான் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். விடிந்ததும் கண்ணாயிரம் சைக்கிளில் தென்னை ஓலையும் ஒரு பட்டுப் பாவாடையும் கொண்டு வந்தார். குடிசையைத் தன் கையாலேயே கட்டினார். மாலை போட்டபோது பூஜா காலில் விழுந்தாள். சிறுவயதில் தான் கேட்டது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் நன்றாக இருந்தது என்றார். சரோஜா உள்ளே பாய் விரித்துவிட்டு வந்து பார்த்தபோது அவரைக் காணவில்லை.

தூக்குச்சட்டியில் பாயசத்தை ஊற்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினாள். சைக்கிள் வெகுதூரம் போயிருந்தது. கூப்பிட்டால் கேட்காது. வீட்டில் விருந்தாளிகள் காத்திருந்ததால், முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.