தங்கச்சியின் வாக்குக்காக டுசல்டோர்ஃப் வரை

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் மூன்று கிழமை. அது சம்பந்தமாகப் போன சனிக்கிழமை ஹனோவரிலிருந்து டுசல்டோர்ஃப் போய் வந்தேன். எனக்கு அங்கே வாக்கு இல்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்ததோடு அது போய்விட்டது. பெரியப்பாவின் மகன் ஈசன் அண்ணைதான், புலம்பெயர்ந்தவர்கள் கருத்துச் சொல்லும் கூட்டம், கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்திருந்தார். கருத்துத்தானே, என்னிடம் கொள்ளையாக இருக்கிறது என்று கிளம்பினேன்.

விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரப் பயணம். நான் விரைவு ரயிலில் செல்லாத அறுபத்து மூன்று யூரோ மாதச் சீட்டு வைத்திருப்பதால் சாதாரண ரயிலில் போனேன். மிண்டனில் மாற வேண்டும், மொத்தம் நான்கு மணி நேரம். முதல் ரயில் பிந்தினால் மிண்டன் பிளாட்பாரத்துக் குளிரில் ஒரு மணி நேரம் காத்து நிற்க வேண்டும். நான் நின்றேன்.

மண்டபத்தில் ரோல்ஸும் தேநீரும் நன்றாக இருந்தன; அதைச் சொல்லாவிட்டால் பாவம். மற்றது ஒன்றும் நன்றாக இல்லை. கருத்து யாரும் கேட்கவில்லை. முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று: ஊரில் தமிழர் யாரும் வாக்களிக்கக் கூடாது. ஒவ்வொருவராக மேடைக்குப் போய், ஊரிலுள்ள சொந்தக்காரருக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்க அதைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் "ஓம், ஓம்" என்றதும் கைதட்டல். வெளிநாட்டு மாமா சொன்னால் எங்கள் வீடுகளில் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அந்த மரியாதையை இப்படியா பயன்படுத்துவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து போகப் பார்த்தேன். அதற்குள் ஈசன் அண்ணை தன் போனிலேயே கிளிநொச்சியில் இருக்கும் என் தங்கை வதனியை எடுத்துவிட்டார். அங்கே பின்னேரம், அவள் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணை, முந்தி 2005இலயும் ஒருக்கா வாக்குப் போடாதேங்கோ எண்டு சொன்னவை. நாங்கள் போடேல்லை. பிறகு வந்த சண்டைக்குள்ள நிண்டது நாங்கள். நீங்கள் டுசல்டோர்ஃபில இருந்தனீங்கள். இந்தமுறை நான் போடுவன். ஆருக்கெண்டு உங்களுக்குச் சொல்லமாட்டன்."

ஈசன் அண்ணை போனை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"லைன் சரியில்லை, ஒண்டும் விளங்கேல்லை. அடுத்த ஆள் வாங்கோ."

லைனுக்கு ஒரு குறையுமில்லை என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். இரண்டு பேர் என்னை எட்டிப் பார்த்தார்கள். மேடையில் அடுத்தவர் போன் எடுக்கத் தொடங்கியிருந்தார்.

திரும்பி வரும் வழியில் ஒன்று ஞாபகம் வந்தது. டுசல்டோர்ஃபில் போன நகரசபைத் தேர்தலில், மழை என்று வீட்டோடு இருந்தவர் இந்த ஈசன் அண்ணை. அவருக்குக் கிளிநொச்சியில் வதனியின் வாக்கு வேண்டுமாம். அன்றிலிருந்து கனடாவும் லண்டனும் மாறி மாறி அவளுக்குப் போன் எடுத்துப் புத்தி சொல்கின்றன. அவள் அசையவில்லை.

இப்படிக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் மிண்டனுக்கு ஒரு ஜாக்கெட் கொண்டுபோங்கள். ஊரிலுள்ளவர்களின் போன் இலக்கத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். அன்று லைன் சரியில்லை என்றுதான் சொந்தத்துக்குள் இப்போதும் கதை. முன்வரிசையில் இருந்தவள் சொல்கிறேன்: புட்டுப் பானை கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது.