நோலீனின் மூன்று விநாடி

டாஸ்மேனியாவின் வடகரையில் இருக்கிற எங்கள் ஊரில் நோலீன் டகெட்டோடு வாதாடி ஜெயித்தவர் ஒருவரும் இல்லை. பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. முப்பது வருடம் சிப்பி உடைக்கும் கொட்டகையில் குளிர்த் தண்ணீரில் நின்று வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற மறு வாரமே சும்மா இருக்க முடியாமல் படகுத்துறையில் ஏறும் குட்டிப் பென்குயின்களை எண்ண ஆரம்பித்தாள். மழையோ காற்றோ, பொழுது சாய்ந்ததும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பாறையோரம் உட்கார்ந்துவிடுவாள். பதினொரு வருடக் கணக்கு, பதினொரு நோட்டுகள்.

அந்தத் துறையில் பெரிய விளக்குகள் போடப்போவதாக நகர மன்றம் சொன்னதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. வெளிச்சம் இருந்தால் பென்குயின்கள் கரையேறாது. வளையில் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். நோட்டுகளை அள்ளிக்கொண்டு மன்றத்துக்குப் போனாள்.

விளக்கு வேண்டும் என்று முன்மொழிந்தவர் ராட்னி. வீடு விற்றுக்கொடுக்கும் தொழில், சொந்தப் படகு, நல்ல மனுஷன்தான்.

"நோட்டுல யாரும் எதை வேணா எழுதலாமே, நோலீன். இருபது வருஷமா அங்க படகு இறக்குறேன், ஒரு பென்குயினைக்கூட நான் பார்த்ததில்ல. ஒரு படமாவது காட்டுங்க."

"ஹெட்லைட்டை எரியவிட்டுட்டு பாட்டு போட்டுக்கிட்டு வந்தா எந்தப் பென்குயின் உன்னைப் பார்க்க வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் மனம் மாறவில்லை. இரண்டு வாரத்தில் வாக்கெடுப்பு, அதற்குள் படம் வேண்டும்.

படம் இல்லாமல் இல்லை. எட்டு வருடப் பழைய போனில் எடுத்தது நூறு இருக்கும். எல்லாவற்றிலும் கறுப்பு, அதன் மேல் மண்ணை வாரி இறைத்தாற்போல் புள்ளிகள். கணவன் மெர்வ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான்.

"இது பென்குயினா, கரி மூட்டையா?"

"மூணு பென்குயின். இதோ மூக்கு."

"நீ சொன்னா சரிதான் தாயே."

ஃபிளாஷ் போட்டால் தெளிவாக வரும். ஆனால் பறவைகளின் கண் கூசும், வழி தவறும். ஃபிளாஷ் போட்ட சுற்றுலாக்காரர் ஒருவரை அவர் கார் வரைக்கும் திட்டிக்கொண்டே துரத்தியவள் நோலீன். அவளே அதைச் செய்வாளா? பக்கத்து டவுனுக்குப் போய், இருட்டில் நன்றாக எடுக்கும் என்று கடைக்காரப் பெண் சத்தியம் செய்த புதுப் போனை வாங்கி வந்தாள்.

வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, டிவி வெளிச்சத்தில் தூங்கும் மெர்வை முதலில் எடுத்தாள். தாடி முடி ஒவ்வொன்றும் தெரிந்தது.

"ஐயோ, என் மூக்குக்குள்ள இருக்கறதெல்லாம் தெரியுதே! அழிச்சுத் தொலை."

அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அன்று மாலையே துறைக்குப் போய் நாற்பது படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பதும் ரத்தச் சிவப்பு.

எங்கள் ஊர்ப் பென்குயின்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். சிவப்பு வெளிச்சம் பறவைகளை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அதனால் கிளப்பில் நடக்கும் சீட்டுக் குலுக்கலில் பரிசாகக் கிடைக்கும் இறைச்சித் தட்டின் மேல் சுற்றி வருகிற சிவப்புக் கண்ணாடித்தாளை எடுத்துவைத்து, கையில் இருக்கும் விளக்கு எதுவானாலும் அதன் மேல் சுற்றி ரப்பர் பேண்டு போடுவது எங்கள் பழக்கம். பழைய போனில் விளக்கு ஓர் ஓரம், கேமரா ஓர் ஓரம். புதுப் போனில் மூன்று லென்ஸும் விளக்கும் ஒரே கூட்டில் இருந்தன. கை பழக்கத்தில் நோலீன் எல்லாவற்றையும் சேர்த்துப் போர்த்திவிட்டாள். மெர்வ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்கு அன்று ராத்திரி ஆறிய சூப்தான் கிடைத்தது.

மறுநாள் தாளை விளக்கின் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டு போனாள். இப்போது மணல் தெரிந்தது, பாறை தெரிந்தது, துறையின் அறிவிப்புப் பலகையில் எழுத்துகூடத் தெரிந்தது. பென்குயின்கள் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் புகை. இருட்டில் படம் எடுக்க அந்தப் போனுக்கு மூன்று விநாடி வேண்டும். அதற்குள் பென்குயின் நாலு அடி நடந்துவிடுகிறது.

அன்றிரவு போனை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள். காசையும் கொடுத்துவிட்டு, ராட்னியிடம் தோற்கவும் வேண்டுமா என்று உள்ளுக்குள் கொதித்தாள்.

விடியும்போது ஞாபகம் வந்தது. அதுகள் நிற்குமே! தண்ணீரை விட்டு ஏறி, பாசி படிந்த தட்டைப் பாறைக்கு வந்ததும் கூட்டம் மொத்தமும் நின்றுவிடும். முன்னால் இருப்பது தலையைத் தூக்கிக் காது கொடுக்கும். பின்னால் இருப்பவை மூச்சு விடாத மாதிரி நிற்கும். நாலு விநாடி, மிஞ்சினால் ஐந்து. பிறகு ஒரே ஓட்டம். பதினொரு வருடம் அதைப் பார்த்துக் கொண்டிருந்தவளுக்கு அது தெரியும். போனுக்கு எங்கே தெரியப்போகிறது?

மூன்றாம் நாள் பாறையில் முழங்கையை ஊன்றினாள். கூட்டம் நின்றது. அமுக்கினாள். சிப்பிக் கத்தி பிடித்த கை ஆடவில்லை. படத்தில் பதினொரு பென்குயின்கள் தெளிவாக வந்திருந்தன, பின்னால் பலகையோடு. வெள்ளை வயிற்றில் ஈரம் மினுங்கியது. நோலீன் இருட்டில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டாள். இதை மெர்விடம்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மன்றம் கூடியது. ஆறு மணிக்கு மேல்தான் அவள் படத்தைத் திரையில் போட்டார்கள். எல்லோரும் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். ராட்னி மட்டும் தாடையைத் தடவினார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா இந்தப் புதுப் போனெல்லாம் இல்லாததைக்கூடத் தானா வரைஞ்சுடுதாமே? உங்களைத் தப்பா சொல்லல, நோலீன். போனைத்தான் சொல்றேன்."

அவள் முகம் சிவந்துபோனது. பொய்க்காரி என்று யாரும் அவளை அதுவரை சொன்னதில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஆறு பத்து. ஆறே முக்காலுக்குக் கரையேறும். நடந்தே போயிடலாம், எழுந்திரிங்க. கோட்டு போட்டுக்கங்க, வாயை மூடிக்கங்க."

மன்றத் தலைவி கூட்டத்தை ஒத்திவைத்தார். அப்படி ஒன்று எங்கள் ஊரில் நடந்ததே இல்லை. எட்டுப் பேர் பாறையோரம் குந்தினார்கள். ஆறு நாற்பத்தெட்டுக்குத் தண்ணீரில் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. ராட்னி தன் போனை எடுத்தார். அது நோலீனுடையதைவிடவும் புதுசு. எடுத்தார், எடுத்தார், எல்லாம் புகை.

"கைய முட்டி மேல ஊணு," என்றாள் நோலீன் கிசுகிசுப்பாக. "மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்து. நான் சொல்றப்ப அமுக்கு. அதுக்கு முன்னாடி அமுக்கின, கைய உடைச்சுடுவேன்."

கூட்டம் பாறைக்கு வந்தது. முன்னால் வந்தது தலையைத் தூக்கியது.

"இப்போ."

மூன்று விநாடி யாரும் அசையவில்லை. பிறகு பென்குயின்கள் அவர்கள் கால்களைத் தாண்டிப் புதருக்குள் ஓடின. ராட்னி போனைக் குனிந்து பார்த்தார். பதினாலு பென்குயின்கள், ஒவ்வொன்றின் மூக்கும் தெரிந்தது. திரும்பி நடக்கும் வழியெல்லாம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மன்றம் மறுபடி கூடியதும் முதலில் எழுந்தவர் அவர்தான்.

"என் தீர்மானத்தை நானே திரும்ப வாங்கிக்கறேன். இருபது வருஷமா அதுக பக்கத்துலயே வண்டி நிறுத்தியிருக்கேன். வெக்கமா இருக்கு."

விளக்கு வேண்டாம் என்று அத்தனை கைகளும் உயர்ந்தன. மெர்வ் பின் வரிசையில் நின்றுகொண்டு விசிலடித்தான். தலைவி அதட்டவில்லை.

கூட்டம் கலையும்போது, பதிவில் சேர்க்க ராட்னியின் படத்தை வாங்கிய எழுத்தர் பெண், "எடுத்தவர் பேரு உங்க பேருதானே?" என்று அவரைக் கேட்டாள்.

"போன்தான் என்னோடது. படம் அவங்களோடது," என்றார் ராட்னி.

வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை விடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். நோலீன் மேசைப் பக்கமாக வந்தாள்.

"நோலீன் டகெட்னு முழுசா எழுதும்மா," என்றாள். அந்தப் பெண் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்தாள்.