பதினொன்று நாற்பத்தாறுக்கு ஒரு கரண்டி சாஸ்

2011 ஜூன் 4 — 183
2012 ஜூன் 2 — 188
2013 ஜூன் 1 — 176
2014 மே 31 — 174

ஆற்றங்கரை விலாக்கறிப் போட்டியில் ஆர்வெல்லா மேப்ரி வாங்கிய மதிப்பெண்கள் இவை. முழு மதிப்பெண் இருநூறு. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நூற்றெண்பதுக்குக் கீழே போனால் திடலில் உள்ள இடம் பறிபோகும். காத்திருப்போர் வரிசையில் முதலில் நிற்பவருக்கு அது போகும். இழந்தவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்; 2015இல் அந்த வரிசை ஒன்பது ஆண்டு நீளம். ஆர்வெல்லாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

கான்சஸ் சிட்டியில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். "உக்காரு, பெல்ட்டப் போடு" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு சொல் கேட்டவர்கள் குறைவு. அந்த ஆர்வெல்லாவைத் தேடி ஜூன் வாக்கில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பதினேழாம் எண் கூடாரத்துக்கு ஊரே வரும். பேருந்தில் ஏறி வளர்ந்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளோடு வந்து விரல் நக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆண்டு முழுவதும் அவள் காத்திருந்தது அந்த ஒரு பிற்பகலுக்குத்தான்.

அவளுடைய சாஸ் நீர்த்தது: வினிகர், தக்காளி, காய்ந்த மிளகாய், கொஞ்சம் கரும்புப்பாகு. ஒரு முழு விலாவை உட்கார்ந்து தின்றாலும் திகட்டாது. ஆனால் நடுவர் முழு விலாவைத் தின்பதில்லை. ஒரே ஒரு கடி, அதோடு பேனாவை எடுத்துவிடுவார். அந்த ஒரு கடியில் வினிகர்தான் முதலில் முகத்தில் அறையும். இரண்டு ஆண்டுகளாக மதிப்பெண் இறங்கியது அதனால்தான் என்று அவள் தம்பி லின்வுட் ஓதிக்கொண்டே இருந்தான். 2015இல்தான் அவள் இறங்கி வந்தாள். ஜூன் 6, சனிக்கிழமை, காலை ஐந்து மணிக்குத் தன் சாஸைத் திடலிலேயே சுண்டக் காய்ச்சித் தேனும் பழுப்புச் சர்க்கரையும் சேர்க்கத் தொடங்கினாள்.

கால் மணிக்கொரு தரம் ருசி பார்த்தாள். அங்கேதான் தவறு நடந்தது. பதினொன்றரைக்குக் கரண்டியை வாயில் வைத்தபோது சூடு மட்டும் தெரிந்தது. மிளகாயும் சர்க்கரையும் ஆறரை மணி நேரம் மாறி மாறிப் பட்டு நாக்கு மரத்துப் போயிருந்தது. சர்க்கரையைக் கூட்டியபோது உப்பையும் கூட்டினோமா என்பதும் நினைவில்லை.

"லின்வுட், நீ பாரு."

"என் நாக்கையா? அத சுருட்டுக்கு எழுதிக் குடுத்து நாப்பது வருசம் ஆச்சுக்கா. முதல்ல கறிய வெளிய எடு. வெந்தது போதும்."

"சாஸ் பூசாம எடுத்து என்ன பண்றது? பூசினப்புறம் பத்து நிமிசம் சூட்டுல இருக்கணும்."

கறி அடுக்கிய பெட்டி பன்னிரண்டுக்குள் நடுவர் மேசைக்குப் போயாக வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் வாங்க மாட்டார்கள். பன்னிரண்டு வரை பார்வையாளருக்கு அனுமதி இல்லை. கூடாரத்துக்கு ஒருபுறம் ஆறு, மறுபுறம் டெல்பர்ட் ஸ்வோப்பின் கூடாரம்.

டெல்பர்ட் அவளுக்கு மூன்று தெரு தள்ளி இருப்பவன். காத்திருப்போர் வரிசையில் முதலில் நின்றவன் அவனுடைய அக்கா மகன்.

"அக்கா, வேணாம்," என்றான் லின்வுட். "பூனகிட்டயா பாலக் காட்டப் போற?"

அவள் கரண்டியோடு போனாள். மணி பதினொன்று நாற்பத்தொன்று.

டெல்பர்ட் தன் பெட்டியில் எலும்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "என்ன ஆர்வெல்லா, பஸ்ஸு வழி தவறிடுச்சா?"

"நாக்கு செத்துப்போச்சு. இதப் பாத்துச் சொல்லு."

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கரண்டியை வாங்கி நக்கினான். கண்ணை மூடினான். மறுபடி நக்கினான்.

"உப்பே இல்ல. இனிப்பு மட்டும் நிக்குது. ஒன்றரைக் கரண்டி போடு."

அவள் திரும்பியபோது லின்வுட் கூடார வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பாத்தியா? வேலையக் காட்டிட்டான். கடல் தண்ணியாக்கப் பாக்குறான்."

"அப்ப என்னை ஏன்டா போக விட்ட?"

"நானா விட்டேன்?"

அவள் உப்பு டப்பாவைத் திறந்தாள். இவனுக்கு என் இடம் வேண்டுமானால் 'நல்லாருக்கு' என்று சொன்னாலே போதுமே என்று நினைத்தாள். அடுத்த நொடியே, அது தெரிந்துதான் இப்படிச் சொல்கிறானோ என்றும் நினைத்தாள்.

"முக்கால் கரண்டி போடுக்கா. ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல போட்டா, அவன் பொய் சொன்னாலும் கெட்டுப்போகும், நெசம் சொன்னாலும் கெட்டுப்போகும்."

ஒன்றரைக் கரண்டியும் போட்டாள். கலக்கினாள். பதினொன்று நாற்பத்தாறுக்குப் பூசினாள். பதினொன்று ஐம்பத்தாறுக்குக் கத்தி வைத்தபோது கறி எலும்பை விட்டு நழுவியது. கடித்த இடத்தில் மட்டும் கழன்று வரவேண்டிய கறி, கை பட்டதும் வந்தது. ஒட்டியிருந்த ஆறு எலும்புகளைப் பொறுக்கி அடுக்கினாள். லின்வுட் ஓடினான். பன்னிரண்டுக்கு நாற்பது விநாடி இருக்கும்போது பெட்டி மேசையில் இருந்தது.

ஜூன் 15 அன்று குழுவின் முதல் கடிதம் வந்தது: 179. இடம் போயிற்று.

ஒரு மதிப்பெண். டெல்பர்ட் உப்பைக் கொட்ட வைத்துக் கெடுத்தான் என்று லின்வுட் முடிதிருத்தும் கடை முதல் தேவாலயம் வரை சொல்லிவிட்டான். ஆர்வெல்லா கடைக்குப் போகும்போது டெல்பர்ட்டின் தெருவைச் சுற்றிப் போனாள். நடுவர்களின் தாள்களைக் கேட்டுக் குழுவுக்கு அன்றே எழுதியிருந்தாள்.

குழுவின் இரண்டாம் கடிதத்தோடு தாள்கள் வந்தன. ஆறு நடுவர்கள் போட்டதில் குறைந்ததைத் தள்ளிவிட்டு ஐந்தைக் கூட்டுவார்கள். இருபதுக்குப் போடும் ருசியில் 19, 20, 19, 19, 20. அவள் வாழ்நாளில் வாங்கியதிலேயே அதிகம். பத்துக்குப் போடும் தோற்றத்தில் 9, 9, 10, 9, 9. பத்துக்குப் போடும் பதத்தில் 7, 7, 8, 7, 7. கறி அதிகம் வெந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

செருப்பைக்கூட மாற்றாமல் மூன்று தெருவும் நடந்தாள். டெல்பர்ட் முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். எந்திரத்தை நிறுத்தாமலே நிமிர்ந்தான்.

"உன் தம்பி அனுப்பினானா? உப்பு வேணுமாமா?"

"நிறுத்துடா அத." அவன் நிறுத்தினான். "உன்னைச் சந்தேகப்பட்டேன், டெல்பர்ட். ரெண்டு வாரமா."

தாள்களை நீட்டினாள். அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தான். ருசி எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான்.

"என் பொட்டிக்கு ருசியில பதினேழுதான் போட்டானுங்க," என்றான். "சனிக்கிழம என் கூடாரத்துல வந்து சமைக்கிறியா? அடுத்த வருசச் சனிக்கிழம. கறிய நான் பாத்துக்கறேன். நீ அந்தப் பக்கமே வரக் கூடாது."

"லின்வுட்டு?"

"அவன் வாசல்ல நின்னு கையக் கட்டிக்கட்டும்."

வரச் சம்மதம் என்று அவள் தலையாட்டினாள். நடுவர் தாள்களோடு இரண்டாம் கடிதம் வந்த அதே நாள் அது: 2015 ஜூன் 26, வெள்ளிக்கிழமை.