பாறைக்குள் கேட்ட குரல்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் பழைய குழிகள் பல இருந்தன. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே யாரோ தங்கம் தேடித் தோண்டியவை. அவற்றுக்குள் தங்கத்தைக் காக்கும் பூதம் இருப்பதாகவும், பகலிலேயே 'டொக் டொக்' என்று தட்டுவதாகவும் மூங்கில் தட்டியால் கட்டிய எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளில் பேசிக்கொள்வார்கள்.

அந்த மேட்டுக்கு நாங்கள் மூன்று பேர் சுள்ளி பொறுக்கப் போவோம். நான், பக்கத்து வீட்டு வேதக்காரப் பெண் (கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம்), பிறகு ஆடு மேய்க்கும் ஒரு தெலுங்குப் பெண். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தெலுங்குக்காரி எங்களோடு பழகித் தமிழ் பேசக் கற்றிருந்தாள்.

ஒருநாள் முற்பகலில் அவளுடைய சினை ஆடு காணாமல் போயிற்று. தேடிக்கொண்டு போனபோது, கள்ளிப் புதருக்கு அடியில் இருந்த ஒரு குழியிலிருந்து அதன் குரல் வந்தது. குழி செங்குத்தாக இல்லை, சரிவாகத்தான் இறங்கியது.

"உள்ள பூதம் கீதுடி, வாணாம்" என்றாள் வேதக்காரப் பெண்.

"ஆடு இல்லாம நான் ஊட்டுக்குப் போக முடியாது" என்று சொல்லிவிட்டுத் தெலுங்குக்காரி உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள். அவளைத் தனியாக விட மனம் வராமல் நாங்களும் இறங்கினோம்.

கீழே குழி ஒரு பக்கமாகக் குடைந்துகொண்டு போயிற்று. குழி வாயிலிருந்து வந்த வெளிச்சத்தில் சுவரெல்லாம் புகை படிந்து கறுத்திருப்பது தெரிந்தது. தரையில் கரித்துண்டுகளும் உடைந்த சட்டிகளும் கிடந்தன. யாரோ இங்கே நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், சட்டியில் தண்ணீரோ கூழோ வைத்துக் குடித்திருக்கிறார்கள் என்று நினைத்ததும் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. ஆடு உள்மூலையில் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் ஈரம் காயாத குட்டி ஒன்று எழுந்து நிற்கப் பார்த்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக். டொக். டொக்.

வேதக்காரப் பெண் கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கினாள். தெலுங்குக்காரி மட்டும் பாறையில் காதை வைத்துக் கேட்டாள். "தெய்யமும் இல்ல, பூதமும் இல்ல. மனுசங்க. பாறையில தொள போடக் கம்பி அடிக்கிறாங்க" என்றாள்.

நானும் காதை வைத்தேன். பாறையில் ஒரு விரிசல் இருந்தது. அதன் வழியாகச் சம்மட்டிச் சத்தம் தெளிவாக வந்தது. என் தகப்பனார் அன்று காலை ஷிப்டில்தான் இறங்கியிருந்தார். அவர் அங்கேதான் இருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. விரிசலில் வாயை வைத்து, "நைனா" என்று நீளமாகக் கூப்பிட்டேன்.

சத்தம் சட்டென்று நின்றது.

"அடிக்கிறத நிறுத்துனா மருந்து வெச்சி வெடிப்பாங்க, எங்கப்பா சொல்லிக்கீறாரு. ஏறுங்கடி" என்றாள் வேதக்காரப் பெண். அவள் குட்டியைப் பாவாடையில் கட்டிக்கொண்டாள். தெலுங்குக்காரி ஆட்டின் கொம்பைப் பிடித்து இழுக்க, நான் பின்னால் தள்ளினேன். முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு மேலே வந்து, தூரமாக ஓடிப்போய்த் தரையில் படுத்துக்கொண்டோம். வெகுநேரம் காத்திருந்தும் வெடி வெடிக்கவே இல்லை.

வீட்டுக்குப் போனால், ஷிப்டு முடியுமுன்பே தகப்பனார் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பாறைக்குள்ளேர்ந்து ஒரு கொயந்த கூப்புட்டுது. எல்லாரும் கேட்டோம். சம்மட்டியப் போட்டுட்டு மேல வந்துட்டோம். இனிமே அந்தப் பக்கம் ஒருத்தனும் எறங்க மாட்டேங்கிறான்."

"நைனா, நான்தான் கூப்புட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நடந்ததை முழுதும் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து, சிராய்ப்பில் ஒட்டியிருந்த மண்ணை மெல்லத் தட்டிவிட்டார். "அங்க மருந்து வெக்கத்தான் தொள போட்டுக்கினு இருந்தோம்" என்றார்.

அன்றைக்கே அவர் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய்க் குழியைக் காட்டினார். பழைய குடைவு அவ்வளவு பக்கத்தில் வந்திருப்பது கீழே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வேலையை வேறு பக்கம் திருப்பினார்கள். குழிக்கு முள்வேலி போட்டார்கள்.

சாயங்காலம் தகப்பனாரோடு வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் மிகவும் பெரிய உடம்புக்காரர் ஒருவர், குரலைக் கேட்டு ஓடும்போது விழுந்து தோல் பெயர்ந்த தம் முழங்காலை எனக்குக் காட்டினார்.

"இன்னாம்மா, நீதானா அந்தப் பேயி?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மா என் முழங்கைக்குப் போட்டதுபோல அவருடைய முழங்காலுக்கும் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தாள்.