தவக்காலக் கஞ்சி

அத்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஜொகூர் பாருவில் அப்பாவின் வயிற்றைக் கிழித்துக் குடலில் இருந்த கட்டியை எடுத்தார்கள். பத்து பாகாட் வீட்டுக்கு அவரை அழைத்து வந்தபோது தவக்காலம் தொடங்கியிருந்தது. அப்பாவின் அக்கா பெக்கான் நானாஸிலிருந்து வந்து இறங்கி, நேராகக் குசினிக்குள் போய் அடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவுக்குக் கட்டுப்போட்ட ஆஸ்பத்திரி மிஸ்ஸி என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "வெட்டுப்பட்ட உடம்பு சும்மா இருக்காதும்மா. புண்ண ஆத்துறதுக்குத் தன்னோட சதையையே உடைச்சு எடுத்துக்கும். அதனால முட்டை, மீன், கோழி நல்லாக் குடுங்க. ஹாருவான் மீன் கிடைச்சா சூப் வைங்க."

சந்தையில் ஹாருவான் வாங்கி வந்தேன். அத்தை அடுப்பில் வைக்கவே விடவில்லை.

"மீன் குடுத்தா புண்ணு சீழ் புடிக்கும். முட்டை அரிக்கும்."

"அப்ப கோழி?"

"தவக்காலத்துலயா? உயிரக் குடுத்த ஆண்டவருக்கு இதுகூடச் செய்ய மாட்டானா உங்கப்பன்?"

பருப்பு? அது வாயுவாம். கடைசியில் மிஞ்சியது வெள்ளைக் கஞ்சியும் கோப்பியில் நனைத்த பிஸ்கட்டும்தான். நோயாளிக்கு, இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் கட்டாயமில்லை என்று வீட்டுக்கு நன்மை அப்பம் கொடுக்க வந்த ஃபாதரே சொன்னார். அத்தை பணிவாகத் தலையாட்டிவிட்டு, அவர் போனதும் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தார்.

அப்பாவாவது வாயைத் திறந்தாரா? "அக்கா மனசு நோகக் கூடாதுலா" என்று அதையே குடித்தார். இருவர் மேலும் எனக்கு வந்த கோபத்துக்கு, குசினியில் இருந்த பீங்கான் மங்குகளைப் போட்டு உடைக்காததுதான் பாக்கி.

லோரி ஓட்டிய அப்பாவின் தொடை என் கை அளவுக்கு ஒடுங்கிப்போனது. கழிவறையிலிருந்து தானாக எழுந்திருக்க முடியவில்லை. பிறகு தையல் போட்ட இடம் பிரிந்து, நீர் கசிய ஆரம்பித்தது.

"நீ திருட்டுத்தனமா முட்டை குடுத்திருப்ப" என்றார் அத்தை. கொடுத்திருந்தால்தான் தேவலையே! அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காரை எடுத்தேன்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தை கோழிக்கறி ஆக்கி, டிபன் கேரியரோடு வார்டுக்கு வந்தார். "தவக்காலம் முடிஞ்சிருச்சு தம்பி. இனிமே நல்லாச் சாப்பிடு."

மறுபடியும் வயிற்றைத் திறக்கப்போகிறார்கள், தண்ணீர்கூடக் கூடாது என்று கட்டிலில் அட்டை மாட்டியிருந்தது. அத்தைக்கு நான் அதைப் படித்துச் சொன்னேன்.

அப்பா கேரியரின் மூடியைத் திறக்கச் சொன்னார். குனிந்து மணத்தை மட்டும் இழுத்துக்கொண்டு, படுத்துவிட்டார்.