தனியா

என் சிநேகிதி மேல் எனக்கு வந்த பொறாமை, அவள் பார்த்துவிட்டு வந்த கடலுக்காகவா, அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காகவா? ஒரு வருஷமாக யோசிக்கிறேன். சில நாள் கடல்தான் என்று தோன்றும். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது எதிரே மலையைப் பார்த்தால், அது இல்லை என்று தோன்றும்.

வேலூரில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்து பி.ஏ. படித்தவர்கள் நாங்கள். மார்க் எனக்குத்தான் ஜாஸ்தி. இதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை என்று தெரிகிறது. இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை. படிப்பு முடிந்ததும் நான் கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தேன். அவள் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்து, ஸ்காலர்ஷிப்பில் பிரான்சுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். போன மே மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினாள்.

மே மாதம் எங்கள் வீட்டில் வருஷத்துக்கும் குழம்புத்தூள் அரைக்கிற மாதம். கொத்தமல்லி விதையை எங்கள் பக்கம் தனியா என்றுதான் சொல்வோம். மாமியார் மாடியில் காயவைத்த தனியாவைக் கூடத்தில் கொட்டி முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். சிநேகிதி அவர் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோடை லீவில் மத்தியதரைக் கடலோரமாகப் போன கதையைச் சொன்னாள்.

கூடப் படித்த இரண்டு பெண்களோடு மார்செய் ஊரில் ரயில் ஏறினாளாம். நீஸ் என்ற ஊரில் கடற்கரையில் மணலே கிடையாதாம், முழுக்கக் கூழாங்கல். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்குமாம்.

"ரயில் குகைக்குள்ள போகும். ஒரே இருட்டு. வெளிய வந்தா கடல். திரும்பவும் இருட்டு. திரும்பவும் கடல்" என்றாள்.

நாலு வயதான என் மகள் உடனே அவள் மடியில் ஏறிக்கொண்டு, கண்ணை மூடி "இருட்டு" என்றாள், திறந்து "கடல்" என்றாள். ஒவ்வொரு வாய்க்கும் நான் ஒரு கதை சொன்னால்தான் சாப்பிடுகிற குழந்தை, அன்றைக்கு இருட்டுக்கு ஒரு வாய், கடலுக்கு ஒரு வாய் என்று தட்டைக் காலி செய்தது.

மத்தியதரைக் கடல் எனக்கும் தெரியும். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி, ஆலிவ், திராட்சை. பள்ளிக்கூட மேப்பில் கோட்டுக்கு வெளியே போகாமல் நான் நீலம் தீட்டிய கடல் அது. டீச்சர் அதை வகுப்பு முழுக்கக் காட்டினார். அவள் அந்தக் கடலில் காலை நனைத்துவிட்டு வந்து என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆபீசிலிருந்து வந்த என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இத்தாலியில் உள்ள ஜெனோவா வரைக்கும் எத்தனை டிக்கெட், எல்லையில் பாஸ்போர்ட் பார்ப்பார்களா என்றெல்லாம் கேட்டார். என்னிடம் அவர் அவ்வளவு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஜெனோவாலருந்து அவங்க ரெண்டு பேரும் திரும்பிட்டாங்க. அவங்களுக்குப் போதும்னு ஆயிடுச்சு. எனக்கு ஆகல" என்றாள்.

"அப்புறம் என்னடி பண்ணே?" என்றேன்.

"அப்புறம் தனியாதான்."

மாமியார் முறத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அந்த ஊர்ல தனியா மட்டும்தானாம்மா? மொளகா கெடையாதா?"

என் கணவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மாமியார் பேசுகிற தமிழில் துணை இல்லாமல் இருப்பதற்கு ஒண்டியா என்றுதான் பெயர். தனியா என்றால் டப்பாவில் இருப்பதுதான்.

"யாரும் இல்லாம போனேன்மா."

"ஒண்டியாவா? பயமா இல்ல?"

"சாப்பிடத்தான் கஷ்டமா இருந்துச்சு. ஓட்டல்ல ஒருத்தி மட்டும் எங்க உக்கார்றதுன்னு தெரியாம நின்னேன். அப்புறம் ரொட்டியும் தக்காளியும் வாங்கிக்கிட்டு, கடலப் பாத்த மதில் மேல உக்காந்துட்டேன்."

"தைரியம்தாங்க உங்களுக்கு" என்றார் என் கணவர். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்வந்தால், "வெயில்ல எதுக்கு அலையறே" என்பார். அதுவும் அக்கறைதான். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவள் சில கலர் போட்டோக்கள் கொண்டுவந்திருந்தாள். முதலில் உள்ளவற்றில் மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படத்தில் ஆள் இல்லை. கூழாங்கற்கள் மேல் நீளமாக அவள் நிழல் மட்டும் விழுந்திருந்தது.

"ஏண்டி, நீ எங்க?" என்றேன்.

"என்னை எடுக்க யாரு இருந்தாங்க?"

எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் படங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் இடுப்பில் குழந்தை இருக்கும், இல்லாவிட்டால் என் தோள் மேல் யாராவது ஒருவரின் கை இருக்கும்.

மறுநாள் காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது, "இதோ வந்துடறேன்" என்று கிளம்பினாள். உச்சி வெயிலில், புழுதிக் காலோடு, கையில் மலைக்குப் பின்னால் உள்ள அடி அண்ணாமலையில் வாங்கிய வெள்ளரிப்பிஞ்சோடு திரும்பினாள். மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருந்தாள்.

"மல சுத்தினியா? புண்ணியம்மா" என்று மாமியார் அவளுக்கு மோர் கொடுத்தார்.

"பின்னாடி போனா மலை வேற மாதிரி ஆயிடுதுடி. நம்ம மலையா இதுன்னு இருக்கு. நீதான் எத்தனையோ தடவை பாத்திருப்பியே" என்றாள் என்னிடம்.

"பாத்திருக்கேன்" என்றேன்.

பார்த்ததில்லை. பௌர்ணமிக்கு நாங்கள் குடும்பத்தோடு சுற்றுவோம். ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை, இன்னொரு கையில் மகள். கூட்டத்தில் அவள் கை நழுவாமல் பார்ப்பேன், மாமியாரின் கால் வலிக்கிறதா என்று பார்ப்பேன். மலை அங்கேதான் இருக்கும், எங்கே போகப்போகிறது என்று விட்டுவிடுவேன். கடல் அவளுடையது, போகட்டும். மலையையும் அவள் ஒரே காலையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த ஜூனில் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். காலையில் அவளை விட்ட கையோடு கிளம்பினால், பள்ளி விடுவதற்குள் மலையைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம். பௌர்ணமி இல்லாத ஒரு சாதாரண நாள் போதும். ஒரே ஒரு தடவை. கணவரிடம் சொன்னேன்.

"வேண்டுதலா?" என்றார்.

"வேண்டுதல் எல்லாம் இல்லீங்க. சும்மாத்தான்."

"சும்மாவா? அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போயேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் நான் கோபப்படவும் வழியில்லை. மாமியாரிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் பலதடவை சொல்லிப் பார்த்த வாக்கியம், வெளியே வரும்போது பாதி காணாமல் போய்விட்டது.

"அத்தை, தனியா போகணும்னு இருக்கு."

அவர் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "தனியா தீந்துடுச்சா? வாங்கியாந்துடு" என்றார்.

"சரிங்க அத்தை" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாதித் தெரு போன பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. எங்கள் பக்கம் ஒரு மருமகள் தனியாகப் போகணும் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தனிக்குடித்தனம். போன வருஷம் பக்கத்து வீட்டில் இதே சொல்லில்தான் ஆரம்பித்தது. இப்போது அங்கே இரண்டு அடுப்பு எரிகிறது.

கடையில் தனியா வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டு டப்பாவில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. மாமியார் இரண்டையும் பார்த்துவிட்டு, "இவ்ளோ தனியா யாருக்கு ஆவும்?" என்றார். கேலியா, வருத்தமா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து அவர் கொஞ்சம் மாறிவிட்டார். என்ன குழம்பு வைக்கட்டும் என்று என்னைக் கேட்கிறார். மகளை அதட்டுவதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறார். கீழ்பென்னாத்தூரில் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று தன் பிள்ளையிடம் கேட்டாராம். மாமியார் போனால், நான் அனுப்பியதாகத்தான் ஆகும். எனக்கு வேண்டியது ஒரு காலை நேரம். அதைக் கேட்கப் போய் அவருக்கு இந்த வீட்டையே அந்நியமாக்கிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

விளக்கிச் சொல்லலாம்தான். எந்தச் சொல்லை வைத்துச் சொல்வது? ஒண்டியா என்றால் நாதியற்றவள் மாதிரி இருக்கிறது. நான் மட்டும் என்றால் கோபித்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி இருக்கிறது. வேண்டுதல் என்று ஒரு பொய் சொன்னால் யாரும் தடுக்கமாட்டார்கள். அந்த மலையைப் பொய் சொல்லிச் சுற்ற எனக்கு மனம் வரவில்லை. பேசாமல் விட்டுவிடுவதுதான் நல்லதோ என்றும் தோன்றுகிறது. விட்டால் மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்த நிழல் போட்டோ ஞாபகம் வருகிறது.

இதைப் படிக்கிறவர்களில் மாமியாராக இருப்பவர்களும் இருப்பீர்கள், மருமகளாக இருப்பவர்களும் இருப்பீர்கள். வேண்டுதலும் இல்லை, சண்டையும் இல்லை, சும்மா ஒரு தடவை யாரும் கூட வராமல் நடந்துவிட்டு வரவேண்டும் என்பதை, கேட்கிறவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டில் அதற்கு ஒரு வார்த்தை இருந்தால் எனக்கு எழுதுங்கள்.